பச்சை ஸ்வெட்டரில் ஒரு மஞ்சள் நூல்

டிசம்பர் 4

அக்கா,

மத்தியானம் மூணு மணி நாற்பத்திரெண்டு நிமிஷம்.

"போனை எப்பத்தான் எடுத்துப் பார்த்தீங்க?"ன்னு அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. இப்ப சொல்றேன். நாங்க தராசு சரிபார்க்கிற ரூமுக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது. அது அதிர்ந்தா அளவு ஆடிடும். வெளியில ஒரு மரப்பெட்டி இருக்கு, அதுல போட்டுட்டுத்தான் உள்ள போவோம். வேலை முடிச்சு வெளிய வந்து எடுக்கிறேன், கையிலயே அடிக்குது. உங்க குரல். "குருவி போயிட்டா"ன்னீங்க. "எங்க போனா, ரயில் நாளைக்குத்தானே?"ன்னு நான் கேட்டேன்.

அதுக்கப்புறம் போனை நான் அணைக்கவே இல்ல. குளிக்கும்போது சோப்பு வைக்கிற இடத்துல வச்சுக்கறேன். தராசு ரூமுக்குள்ள போற வேலையை மேனேஜர் வேற ஆளுக்குக் கொடுத்துட்டாரு. நான் வெளியில உக்காந்து சான்றிதழ்ல கையெழுத்து போடுறேன். இனிமே யார்கிட்டேருந்து என்ன வரப்போகுதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது.

ஆனா நீங்க கூப்பிட்டா மட்டும் எடுக்க மாட்டேன். கோவம் இருக்கு, இல்லேங்கல. ஆனா அது மட்டும் இல்ல. அக்கா தங்கச்சி, உங்க குரலும் அவ குரலும் ஒண்ணு. எத்தனை தடவை நீங்கன்னு தெரியாம கொஞ்சிப் பேசி அசடு வழிஞ்சிருக்கேன். அந்தக் குரல்ல வந்த கடைசி செய்தி இப்ப அதுதான். அதனால எழுதுங்க.

அவ ஸ்வெட்டர் பின்ற பையை நீங்க கேட்டதா எங்கண்ணன் சொன்னான். தர முடியாது. ஓட்டல் ரூம்லேருந்து அவ சாமானை நான்தான் எடுத்துட்டு வந்தேன். என்கிட்டயே இருக்கட்டும்.

ஒரு கேள்வி. ரெண்டு மூணு நாளாவே நெஞ்சுல தொந்தரவு இருந்திருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. பின்னல் மாநாட்டுல நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூம். நீங்க பிசியோதெரபிஸ்ட் வேற, உடம்பைத் தொட்டுப் பார்க்கிறதுதான் உங்க தொழிலே. அப்புறம் ஏன்க்கா அன்னிக்கு அவளை வகுப்புல கொண்டு போய் உக்கார வச்சீங்க?

~

டிசம்பர் 19

தம்பிக்கு,

உங்கள் கேள்விக்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. என்னால் இப்போது எழுத முடியாது. பையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீங்களும் ஒரு வருடம் எங்களோடு பின்னல் மாநாட்டுக்கு வந்திருக்கிறீர்கள். கல்யாணமான புதிது. ஓட்டல் வாசலில் நின்றுகொண்டு குருவியிடம் கேட்டீர்கள்: "மாநாடுன்னு சொன்னியே, கொடி எங்க, மைக் எங்க?" உள்ளே போனால் கூடம் முழுக்கப் பெண்கள். அவ்வளவு பேரும் தாங்கள் பின்னியதிலேயே கனமானதைப் போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். யாரோ ஒரு அம்மாள் கேட்காமல் கொள்ளாமல் உங்கள் ஸ்வெட்டரைப் பிடித்து உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் பின்னினது? கை சுத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நீங்கள் பயந்து போனீர்கள். எங்கள் கூட்டத்தில் முன்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆளின் கை உள்பக்கத்தில்தான் தெரியும்.

அன்று குருவி உங்கள் சட்டையில் ஒரு அட்டை குத்தினாள். மற்றவர்களுக்குப் பெயர் இருந்த இடத்தில் உங்களுக்கு "பை தூக்கி" என்று இருந்தது. மாநாடு முடிகிறவரை கூடமே உங்களை அப்படித்தான் கூப்பிட்டது. "பை தூக்கி, இங்க வாங்க, இதையும் பிடிங்க!"

அவள் ஊருக்கெல்லாம் பின்னினாள். உங்களுக்கு, எனக்கு, என் பிள்ளைகளுக்கு, உங்கள் அலுவலக வாட்ச்மேனுக்கு. தனக்கென்று ஒன்றுமில்லை. இந்தப் பச்சை ஸ்வெட்டர்தான் முதல் தடவை. "எனக்குன்னு பின்னும்போது கூச்சமா இருக்குக்கா, கை ஓட மாட்டேங்குது" என்றாள். உடல் முடிந்துவிட்டது. வலது கை முடிந்துவிட்டது. இடது கை முழங்கைக்கு மேலே ஊசியில் நிற்கிறது. பாதியில் நிற்கிற பின்னலை அப்படியே போட்டு வைக்க எங்களுக்கு மனது வராது. அனுப்புங்கள். நான் முடிக்கிறேன். போட்டுக்கொள்ள மாட்டேன். முடிப்பேன், அவ்வளவுதான்.

அக்கா

~

ஜனவரி 12

அக்கா,

உங்க தமிழ் ஸ்கூல் லீவு லெட்டர் மாதிரி இருக்கு. 'தாழ்மையுடன்' மட்டும்தான் போடல. அவ இருந்தா படிச்சுக் காட்டிச் சிரிச்சிருப்பா. நான் அங்க வரைக்கும் யோசிச்சேன். சிரிப்பு வரல.

வீட்டுல எங்க பார்த்தாலும் நூல். அலமாரி, கட்டிலுக்கு அடியில, ஓவன்ல கூட. ஓவனை நாங்க என்னிக்கும் பத்த வச்சதில்லன்னு அவளுக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் எடுத்து, எடை போட்டு, கலர் வாரியா கவர்ல போட்டு, எடையை எழுதி ஒட்டினேன். எதுக்குன்னு கேக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச வேலை அது.

உங்க லெட்டரை ரெண்டாவது தடவை படிச்சப்புறம் பையை அனுப்பிடலாம்னு தோணிச்சு. இத்தோட பார்சல் வருது. சும்மா அனுப்பக் கூடாதுன்னு கொஞ்சம் ஒழுங்கு பண்ணினேன். அந்தக் கையில பச்சைப் பின்னலுக்குக் குறுக்கால, சம்பந்தமே இல்லாம ஒரு மஞ்சள் நூல் ஓடிட்டு இருந்தது. ஏதோ தப்பா மாட்டிக்கிட்டதுன்னு பொறுமையா உருவிட்டேன். எங்கயும் இழுக்காம, அறுக்காம. ஊசி பார்சலைக் குத்திக் கிழிக்கும்னு கழட்டித் தனியா அட்டையில சுத்தி வச்சிருக்கேன். மேல் ஓரம் கொஞ்சம் பிரிஞ்சு வளைஞ்சு வளைஞ்சு இருந்தது. அந்த நூலை இழுத்துப் பந்துல சுத்தி, ஓரத்தை நேராக்கிட்டேன்.

பார்த்து எழுதுங்க.

~

ஜனவரி 25

பார்த்தேன்.

என்ன காரியம் செய்துவிட்டீர்கள்? திட்டித்தான் எழுதப் போகிறேன். லீவு லெட்டர் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்த மஞ்சள் நூல் தப்பாக மாட்டிக்கொண்டது இல்லை. அதற்குக் காவல் நூல் என்று பெயர். இதுவரை எல்லாம் சரியாக வந்திருக்கிறது என்று தெரிந்த இடத்தில், அந்த வரிசையின் நூல் வளையம், அதாவது கண்ணி, ஒவ்வொன்றிலும் வேறு கலர் நூலைக் கோத்து வைப்போம். அதற்கு மேலே தப்புச் செய்தால் தைரியமாகப் பிரிக்கலாம். பிரிந்து பிரிந்து வந்து காவல் நூலில் நின்றுவிடும். அதைத் தாண்டிக் கீழே போகாது. நீங்கள் முதலில் காவலை எடுத்தீர்கள். பிறகு ஊசியை எடுத்தீர்கள். பிறகு நூலைப் பிடித்து இழுத்தீர்கள். அது பட்டு கலந்த நூல், சும்மாவே வழுக்கும். பார்சல் குலுங்கக் குலுங்க மிச்சமும் நழுவி இறங்கியிருக்கிறது. காவல் இருந்த இடத்தையும் தாண்டி.

அந்த நூலை அவள் என்றைக்குக் கோத்தாள் தெரியுமா? அன்றைக்குக் காலையில். வகுப்பு தொடங்கியதும், என் பக்கத்தில் உட்கார்ந்து. அதற்கு மேலே இருந்த நாலு விரல் அகலம், அந்தக் காலை முழுக்க அவள் பின்னினது. அவள் கடைசியாகச் செய்தது அதுதான். அதைத்தான் நீங்கள் 'ஓரத்தை நேராக்கி'ப் பந்தில் சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள்.

நான் பையைக் கேட்டது முடிப்பதற்கு என்று எழுதினேன். பொய். அந்த நாலு விரலைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் கேட்டேன்.

~

பிப்ரவரி 3

அக்கா,

ஆபீஸ்ல ஒரு தராசு ஆடுச்சுன்னா, எதனால ஆடுதுன்னு கண்டுபிடிக்காம அதைத் தொடவே கூடாதுன்னு புதுசா வர்ற பசங்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். வீட்டுல அந்தப் புத்தி எங்க போச்சுன்னு தெரியல.

மஞ்சள் நூலைத் தூக்கிப் போடல. ஸ்க்ரூ டிரைவர்ல சுத்தி டூல் பெட்டியில வச்சிருக்கேன். நான் எதையும் தூக்கிப் போடுற ஆள் இல்ல.

அந்தக் காலையை எழுதுங்க. பின்னினதை நான் அழிச்சுட்டேன். இப்ப அது இருக்கிற ஒரே இடம் நீங்கதான். சண்டைக்குக் கேக்கல. என்ன சாப்பிட்டா, என்ன பேசினா, எந்தப் பக்கம் உக்காந்தா. அவ்வளவு போதும். எவ்வளவு நாளானாலும் பரவால்ல.

~

ஏப்ரல் 20

தம்பி,

இதை நாலைந்து முறை எழுதிக் கிழித்தேன். இந்தத் தடவை படித்துப் பார்க்காமல் ஒட்டிவிடப் போகிறேன்.

அன்று காலை உணவுக் கூடத்தில் எங்கள் மேஜையில் ஆறேழு பேர் இருந்தோம். குருவி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிரச் சாப்பிடவில்லை. "அக்கா, இடது தோள்ல ஒரு மாதிரி இழுக்குது, கை வரைக்கும்" என்றாள். மேஜையே சிரித்தது. எதிரில் இருந்த தையல்கடை அம்மாள், "மூணாம் நாள் இழுக்கலேன்னாதான் அதிசயம். எனக்கு ரெண்டு தோளும் போச்சு, யார்கிட்ட சொல்ல?" என்றாள். மாநாட்டில் தோள் வலி இல்லாத ஆள் கிடையாது. காலையிலேயே நான் நாலு பேர் தோளைப் பிடித்து விட்டிருந்தேன். வருடா வருடம் அதுதான் என் வேலை. "டாக்டரம்மா, இங்க கொஞ்சம்" என்று வரிசையில் நிற்பார்கள்.

குருவியின் தோளை அழுத்திப் பார்த்தேன். தசை இறுகிக் கட்டியாக இருந்தது. பின்னுகிற யார் தோளைத் தொட்டாலும் அது இருக்கும். "குனிஞ்சே பின்னினா வராம என்ன பண்ணும்? நிமிர்ந்து உக்காருடி" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். "ஆமா, அங்கதான், இன்னும் கொஞ்சம் அழுத்து" என்றாள். அவளுக்கு வேர்த்திருந்தது. தம்பி, அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் வேர்த்திருந்தது. எல்லோரும் கம்பளிக்குள் இருந்தோம்.

வேறு எந்த இடமாக இருந்தாலும், இந்த வயதுப் பெண் ஒருத்தி இடது கை இழுக்கிறது, வேர்க்கிறது என்று சொன்னால் நான் அடுத்த நிமிடம் வண்டியைக் கூப்பிட்டிருப்பேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்கு அது தெரியவில்லை.

அன்றைய வகுப்பை எடுத்தவர் மீசை மாஸ்டர். முன்பு பஸ் ஓட்டினவர். பெரிய மீசை, கையில் எப்போதும் பாதி பின்னிய ஒரு குட்டிக் காலுறை. பிழையைப் பிரிக்காமல் திருத்துவது எப்படி என்பதுதான் வகுப்பு. "தப்பே இல்லாம பின்றவங்க கையைத் தூக்குங்க" என்றார். யாரும் தூக்கவில்லை. "நல்லது. அப்ப எனக்குப் பொழைப்பு நடக்கும்." குருவி வாய்விட்டுச் சிரித்தாள். அவர் சொன்னபடி முதலில் காவல் நூல் கோத்தோம். அவள் என் பையிலிருந்து மஞ்சளை எடுத்துக்கொண்டாள். என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு முறை உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "பாருக்கா, எவ்ளோ சுத்தமா வந்திருக்கு" என்றாள். சுத்தமாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு நேரம் வந்தது. எழுந்தேன். "நீ போய் இடம் பிடிக்கா, இந்த ஒரு வரிசையை முடிச்சுட்டு வந்துடறேன்" என்றாள். பின்னுகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். நான் போய் அவளுக்கு ஒரு நாற்காலியில் என் துண்டைப் போட்டு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். "இங்க ஆள் வருது, ஆள் வருது" என்று இரண்டு பேரைத் திருப்பியும் அனுப்பினேன். மாஸ்டர்தான் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அன்றிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை. யார் தோளையும் தொட என் கைக்குத் தைரியம் இல்லை. வீட்டில் பெரியவன் கழுத்து பிடித்துக்கொண்டது என்று வந்தான். அவனை டாக்டரிடம் போகச் சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

அக்கா

~

ஏப்ரல் 29

அக்கா,

லெட்டர் ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது. படிச்சுட்டு அப்படியே வீட்டுக்கு வந்துட்டேன்.

தோள் வலின்னு என்கிட்டயும் சொன்னா. மாநாட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, இங்க, இந்த ஹால்ல. நான் டேப் எடுத்து நாற்காலியை அளந்தேன். கைப்பிடி தாழ்வா இருக்கு, அதனாலதான் தோள் தொங்குதுன்னு கண்டுபிடிச்சேன். ரெண்டு பலகை அறுத்து, ஸ்பாஞ்ச் வச்சு, மேல துணி ஒட்டி மாட்டிக் கொடுத்தேன். "பை தூக்கிக்குப் பதவி உயர்வு"ன்னு சொன்னா. மறுநாள் எப்படி இருக்குன்னு கேட்டேன். பரவால்லன்னா. பலகை வேலை செஞ்சிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அதனால டாக்டர் சொன்ன ரெண்டு மூணு நாள்ங்கிற கணக்கே தப்பு. அதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. என் வீட்டுல, நான் சரி பண்ணின நாற்காலியில.

இதை உங்க மனசு லேசாகணும்னு எழுதல. எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது. நீங்க கையால தொட்டுப் பார்த்தீங்க, நான் டேப்பால. ரெண்டு பேருமே அவ பின்றதைத்தான் பார்த்தோம். முதல் லெட்டர்ல கேட்ட கேள்வியை அடிச்சுடுங்க.

வேலைக்குப் போங்கக்கா. பெரியவன் கழுத்தைப் பிடிச்சு விடுங்க. தைரியம் வந்தப்புறம் தொடலாம்னு இருந்தா, வராது. நான் இன்னும் தராசு ரூமுக்குள்ள போகல. அதனால இதைச் சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. ஆனாலும் சொல்றேன்.

ஸ்வெட்டரை நீங்க முடிச்சிட்டீங்களா?

~

செப்டம்பர் 14

தம்பி,

முடிக்கவில்லை. முடிக்கப் பார்த்தேன். விட்டுப்போன கண்ணிகளைப் பிடித்து, ஒரு வரிசை பின்னிப் பார்த்தேன். என் கை இறுக்கம். அவள் கை தளர்வு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரே ஆள், ஒரே ஊசி, ஒரே நூல் என்றால்கூட நாளுக்கு நாள் மாறும். நாங்கள் இரண்டு பேர். என் வரிசை தொடங்கிய இடத்தில் கத்தி வைத்தது போலக் கோடு விழுந்தது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இன்னும் மோசம். என் வரிசையைப் பிரித்துவிட்டேன்.

இதோ அனுப்புகிறேன். ஊசியில்தான் இருக்கிறது. பார்சல் கிழிந்தால் கிழியட்டும், ஊசியை எடுக்காதீர்கள். முனையில் ரப்பர் மாட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு ஓரத்தில் சில கண்ணிகள் இன்னும் நழுவிக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கின்றன. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தால் பச்சையில் பச்சை தெரிவதில்லை.

ஜூலையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அரை நேரம் போகிறேன். முழங்கால் மட்டும் பார்க்கிறேன். தோள் வந்தால் வேறு ஆளுக்கு அனுப்பிவிடுகிறேன். பெரியவன் கழுத்தைப் பிடித்து விட்டேன். "அம்மா, வலிக்குது, மெதுவா" என்று கத்தினான். கேட்க நன்றாக இருந்தது.

இந்த வருடம் மாநாட்டுக்கு நான் போகப் போவதில்லை. அந்தக் கூடத்துக்குள் என்னால் நடக்க முடியாது. அழைப்பு வந்தது, உங்களுக்கு எதற்கு என்று தெரியாமலேயே அதையும் பார்சலில் போட்டிருக்கிறேன். உங்கள் பெட்டியில் இருக்கட்டும். நீங்கள்தான் எதையும் தூக்கிப் போடமாட்டீர்களே.

அக்கா

~

நவம்பர் 22

அக்கா,

இதை அந்தக் கூடத்துலேருந்துதான் எழுதுறேன். வகுப்பு தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு.

போன வாரம் தராசு ரூமுக்குள்ள போனேன். ஒரு மணி நேரம். போனை மரப்பெட்டியில போடல, மேனேஜர் மேஜையில வச்சு, அடிச்சா உடனே என்னைக் கூப்பிடணும்னு சொல்லிட்டுப் போனேன். அவர் ஒரு மணி நேரமும் அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அடிக்கல.

இங்க வாசல்ல பேர் அட்டை கொடுக்கிற பொண்ணு, "யார் கூட வந்திருக்கீங்க சார்?"ன்னு கேட்டா. யாரு கூடயும் இல்லேன்னேன். "அப்ப உங்க பேரையே போடுறேன்"னு எழுதிக் கொடுத்துட்டா. தையல்கடை அம்மா தூரத்துலேருந்து பார்த்துட்டு, "ஏய் பை தூக்கி!"ன்னு கத்தினாங்க. கிட்ட வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. என் ஸ்வெட்டர் ஓரத்தை மட்டும் திருப்பிப் பார்த்துட்டு, நல்லா நீவி விட்டுட்டுப் போனாங்க. அவ எனக்குப் பின்னின அந்த சாம்பல் ஸ்வெட்டர்தான். உள்ள ரொம்ப வேர்க்குது.

மீசை மாஸ்டர் வகுப்புலதான் சேர்ந்திருக்கேன். அதே வகுப்பு, அதே ரூம். பச்சையை எடுத்து மேஜையில வச்சேன். பக்கத்துல இருக்கிற டீச்சரம்மா, "யாருக்குப் பின்றீங்க?"ன்னாங்க. "நான் பின்னல. இது பிரியுது. நிறுத்தணும்"னேன். "முடிக்க வேண்டாமா?" "வேண்டாம்." மாஸ்டர் கையில எடுத்துத் திருப்பிப் பார்த்தாரு. "இது உங்க கை இல்லையே?" "இல்ல." உள்பக்கத்தை விரலால தடவிப் பார்த்தாரு. அவருக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு நினைக்கிறேன். "நல்ல தளர்வான கை"ன்னு சொல்லிட்டு, "நூல் கொண்டு வந்திருக்கீங்களா?"ன்னு கேட்டாரு. ஸ்க்ரூ டிரைவரோட எடுத்து நீட்டினேன். மீசைக்குள்ள சிரிச்சாரு.

இறங்கின கண்ணியை எல்லாம் ஒண்ணொண்ணா மேல கொண்டு வந்து, அப்புறம் அந்த மஞ்சள் நூலைக் கோக்கணும். முன்னாடி இருந்த இடத்துக்கு வராது. அதுக்குக் கீழதான் நிக்கும். எந்த இடத்துல நிக்குதோ அங்க. அதுக்கப்புறம் ஊசியை எடுத்தாலும் பிரியாதாம். முழங்கை வரைக்கும் ஒரு கை. அப்படியே இருக்கட்டும்க்கா. நீங்களும் முடிக்க வேண்டாம், நானும் முடிக்க வேண்டாம். கோத்து முடிச்சதும் உங்களுக்கு அனுப்பறேன். அந்த நாலு விரல் இல்ல. மிச்சம் எல்லாம் அவ கைதான்.

என் இடப்பக்கத்து நாற்காலியில பையை வச்சிருந்தேன். இப்பதான் ஒரு பொண்ணு வந்து, "இங்க ஆள் வருதா?"ன்னு கேட்டா. பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன்.

மாஸ்டர் கதவைச் சாத்துறாரு. "போனைச் சத்தமில்லாம வைக்கிற கதையெல்லாம் வேண்டாம், அணைச்சுடுங்க. அது மேஜையில அதிர்ந்தா கண்ணி நழுவும்"னு சொல்றாரு. எல்லாரும் பையைத் துழாவுறாங்க. நான் கையிலதான் வச்சிருக்கேன்.

இந்த லெட்டர் கிடைச்சதும் கூப்பிடுங்க. உங்க குரல்லயே கூப்பிடுங்க, எடுக்கிறேன்.

இப்ப போனை அணைச்சுட்டேன்.